வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்று எடுக்கலாமா?

நல்லூர் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னத் தனியார் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஆங்கில மொழிமூலம், தரம் 1 முதல் 5 வரை 180 பிள்ளைகள். பிள்ளைகளின் வீட்டுக்காரருக்கு ஒழுங்காகச் சேதி போவதும் அவர்களைப் பள்ளிக்கூடக் காரியங்களில் சேர்த்துக்கொள்வதும் இந்த வருடம் என் பொறுப்பு என்று அதிபர் சொல்லிவிட்டார், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு முழுக்க மழை. விடிய 5.40க்குத்தான் பாடசாலை இல்லை என்று முடிவெடுத்தோம், உடனே எல்லா வகுப்புக் குழுக்களிலும் போட்டாயிற்று. 7.15க்குக் காவலாளி ஐயா போன் எடுக்கிறார், தரம் 2 பிள்ளை ஒன்றும் அவனுடைய அம்மம்மாவும் கேற்றடியில் நனைந்துபோய் நிற்கிறார்கள் என்று. பிள்ளையின் அம்மா தாதி, அன்று இரவு வேலை, போன் அலுமாரிக்குள். அப்பா கட்டாரில். எங்கள் மெசேஜ் போன நேரம் அங்கே 3.10, மனுசன் நித்திரை. குழுவில் இருந்த இரண்டு இலக்கமும் அவர்கள் இருவருடையவை. பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டி வருகிற அம்மம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அந்த இலக்கம் எங்களிடம் இல்லவே இல்லை. அம்மம்மா ஒரு சொல்லும் குறைசொல்லவில்லையாம், பிள்ளையின் தலையைத் துடைத்துவிட்டுத் திரும்பி நடந்தாராம். எனக்கு அது இன்றுவரை மனதில் கிடக்கிறது.

அடுத்தது பெற்றோர் கூட்டம். தவணைக்கு ஒருமுறை கிழமை நாளில் பின்னேரம் 1.30க்கு வைக்கிறோம். எப்போதும் வருகிற அதே அம்மாமார்தான் வருகிறார்கள். அதிபர் பேசுவார், தேர்ச்சி அறிக்கை கொடுப்போம், தரம் 5 பெற்றோர் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி மட்டும் கேட்பார்கள், முடிந்துவிடும். வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று எங்கள் ஆசிரியர் அறையில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் என்ன மாற்ற வேண்டும் என்றும் பிடிபடவில்லை. உங்கள் பாடசாலைகளில் உண்மையாகவே பலன் தந்தது என்ன?

கோண்டாவில் அம்மா:

ரீச்சர், நான் இரண்டு பிள்ளைகளைத் தனியார் பாடசாலைக்கு அனுப்புகிறேன், எந்தப் பாடசாலை என்று சொல்லத் தேவையில்லை. அம்மம்மாவின் கதை வாசித்துக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் வகுப்புக் குழுவில் ஒரு நாளைக்கு எண்பது தொண்ணூறு மெசேஜ். காலையில் பூப்படம், வணக்கம், யாருக்கோ பிறந்தநாள், "இண்டைக்குக் கணக்குக் கொப்பியில எந்தப் பக்கம்?" என்று ஏழு பேர் கேட்பார்கள், ரீச்சர் ஒன்று போட்டால் அதற்குக் கீழே முப்பது "நன்றி மிஸ்". நாளைக்கு வெள்ளைச் சப்பாத்து போட வேண்டும் என்ற ஒரு வரி அதற்குள் போய்விடும். மகள் ஒருநாள் அப்படித்தான் கறுப்புச் சப்பாத்தோடு போய், உடற்பயிற்சி நேரம் முழுக்க மரத்துக்குக் கீழே இருத்தி வைத்தார்கள். பிழை என்னுடையது, தண்டனை அவளுக்கு. அறிவித்தலுக்கு ஒரு குழு, கதைப்பதற்கு வேறு குழு என்று பிரித்துவிடுங்கள். அறிவித்தல் குழுவில் பாடசாலை மட்டும்தான் எழுத வேண்டும்.

அப்புறம் கடிதங்கள். ஆங்கிலத்தில் வருகிற கடிதத்தை என் மாமியார் வாங்கி, முக்கியமானதாக இருக்கும் என்று பத்திரமாகச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார். நான் வேலையால் வந்து கேட்டால்தான் வெளியே வரும். ஆங்கில மொழிமூலப் பாடசாலை என்பது பிள்ளைக்கு. வீட்டுக்கு வருகிற கடிதம் தமிழில் இருந்தால் யாருக்கு என்ன குறை?

இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கிற அப்பாமாரை விட்டுவிடாதீர்கள். என் கணவர் ரொறன்ரோவில். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் எங்களுக்குப் பின்னால். பாடசாலை நடக்கும் நேரம் அவருக்கு இரவு. ஒருமுறை மகனின் வகுப்பு ரீச்சர், தூர இடங்களில் உள்ள காலநிலை பற்றிப் படிப்பிக்கும்போது, அப்பாவிடம் பனியைக் காட்டி இரண்டு நிமிட வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றார். மனுசன் வேலை முடிந்து நடுச்சாமத்தில் வாகனத்தில் இருந்து பனி வழிக்கிறதை எடுத்து அனுப்பினார். அதை வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். மூன்று வருடமாகக் கட்டணம் அனுப்புகிற ஆளாக மட்டும் இருந்தவர், அன்றைக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது போல இருந்தது என்று சொன்னார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் மகனின் கொப்பியைக் கமராவில் காட்டச் சொல்லிக் கேட்கிறார், கேட்பது அவரேதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி:

ரீச்சர், முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு படிப்பித்தவன் நான், அதில் ஒரு பகுதி தீவகத்தில். கூட்டம் என்று கூப்பிட்டால் வராதவர்கள், பிள்ளை ஒன்றைச் செய்கிறான் பார்க்க வாருங்கள் என்றால் வருவார்கள். நான் கண்ட உண்மை இது.

பிள்ளைகளே கடை போட்டு விற்கிற சிறுவர் சந்தையை எடுங்கள். ஒரு கூட்டத்துக்கும் முகம் காட்டாத தகப்பன்மார் அன்று விடியவே முருங்கைக்காயும் கீரைக்கட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள், மகள் மிச்சக் காசு சரியாகக் கொடுக்கிறாளா என்று தள்ளி நின்று பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு கடையிலும் ஏதாவது வாங்குவேன், வாங்கிக்கொண்டே அந்தத் தகப்பனோடு கதைப்பேன். "பிள்ளை கழித்தலில் தடுமாறுது, வீட்டிலை கடைக்குப் போகேக்கை அவளிட்டைக் காசைக் குடுத்து எண்ண விடுங்கோ" என்று அந்த இடத்தில் சொன்னால் ஏறும். அதையே கூட்டத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளையைக் குறைசொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். தரம் 1 பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழா, வாணி விழா, ஒளி விழா, இல்ல விளையாட்டுப் போட்டி என்று எத்தனையோ நாட்கள் பெற்றோர் தாங்களாகவே வளவுக்குள் வருகிறார்கள். அந்த நாட்களில் ஆசிரியர்கள் மேடை அலுவலில் ஓடித்திரியாமல், பாதிப் பேராவது பெற்றோரோடு நிற்க வேண்டும்.

இரண்டாவது, அரசாங்கப் பாடசாலையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று இருக்கும். அதிபர் தலைவர், பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அதில் இருப்பார்கள். அதன் குறைகள் எனக்குத் தெரியும், ஆனாலும் பெற்றோர் கேள்வி கேட்க ஒரு கதிரை இருந்தது. தனியார் பாடசாலையில், அதுவும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்து நடக்கும் சர்வதேசப் பாடசாலைகளில், அந்தக் கதிரை தானாக வராது, நீங்கள்தான் போட வேண்டும். வகுப்புக்கு இரண்டு பேர் எடுங்கள். இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் பிள்ளையை நாளாந்தம் கொண்டுவந்து விடுகிற ஆளாக இருக்கட்டும், அது அப்பம்மாவாக இருந்தாலும் சரி.

மழை விசயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. மாகாணப் பாடசாலைகளுக்கு விடுமுறை என்று வானொலியில் சொன்னால், அது தங்கள் பிள்ளையின் பாடசாலைக்கும் சேர்த்தா இல்லையா என்று பெற்றோருக்குத் தெரியாது. அரசாங்கம் விட்டால் நாங்களும் விடுவோம் என்று வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பாதிக் குழப்பம் போய்விடும்.

மானிப்பாய் தம்பி:

ஐயா சொன்னதோடு போனில் செய்யக்கூடியதை நான் சொல்கிறேன், கணினி வேலைதான் செய்கிறேன்.

வட்ஸ்அப்பில் நிர்வாகி மட்டும் எழுதுகிற மாதிரிக் குழுவை மாற்றலாம், அமைப்புக்குள் போனால் ஒரு நிமிட வேலை. சில பாடசாலைகள் குழுவுக்குப் பதிலாக, ஒரே மெசேஜை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிற ஒளிபரப்புப் பட்டியல் வைக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: வாங்குகிறவர் பாடசாலை இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் மெசேஜ் போய்ச் சேரும், இல்லாவிட்டால் போகாது, போகவில்லை என்று உங்களுக்கு அறிவித்தலும் வராது. ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. உங்களுக்கு 180 பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு இரண்டு இலக்கம் என்றாலே தாண்டிவிடும். அதனால் குழுதான் நல்லது.

பட்டன் போன்காரருக்கு எஸ்எம்எஸ். தமிழ் எழுத்தைக் காட்டாத பழைய போன்களும் இருக்கின்றன, அவற்றை வைத்திருப்பவர்களுக்கு அழைப்பு எடுப்பதைத் தவிர வழியில்லை. அப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், வகுப்புக்கு மூன்று நான்கு பேர்தான் வருவார்கள், ஒரு ரீச்சர் பத்து நிமிடத்தில் எடுத்து முடிக்கலாம். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எழுத்தை விடக் குரல் பதிவு நல்லது. அரை நிமிடத்துக்குள், தமிழில், ரீச்சரின் குரலில்.

இதை எல்லாவற்றையும் விட முக்கியம்: வான்காரர்களையும் ஓட்டோக்காரர்களையும் முதலில் சேருங்கள். ஆறரை மணிக்கு ஒவ்வொரு ஒழுங்கையிலும் நிற்பது அவர்கள்தான். நல்லூர்த் திருவிழா நேரம் கோயிலடி வீதிகள் மூடினால் எந்தச் சந்தியில் பிள்ளையை இறக்குவது என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். எங்கள் மகனின் பாடசாலையில் எட்டு வான்காரருக்கு அழைப்பு எடுத்தாலே முக்கால்வாசி வீடுகளுக்குச் சேதி போய்விடுகிறது.

தயவுசெய்து பிள்ளைகளின் புள்ளியைக் குழுவில் போடாதீர்கள். யார் முதலாம் பிள்ளை என்று படத்தோடு போடுகிறார்கள், அன்றிரவு மற்ற வீடுகளில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

பாசையூர்:

நான் கடல் தொழில். இரவு போனால் கரைக்கு வரக் காலை 8 மணி, சில நாள் 9. மீன் கொடுத்து, வலை பார்த்து, சாப்பிட்டுப் படுக்க மத்தியானம். உங்கள் 1.30 கூட்டம் எனக்கு நடுச்சாமம் மாதிரி. காலை பத்து மணிக்கு யாராவது என்னோடு கதைக்க ஆயத்தம் என்றால் நான் வருவேன், ஆனால் இதுவரை எந்த நேரம் வசதி என்று ஒருவரும் கேட்டதில்லை.

மனைவி ஏன் போவதில்லை என்றும் சொல்கிறேன். ஒருமுறை போனபோது வரவேற்பில் இருந்த பிள்ளை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறது, இவவுக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு "நீங்கள் போங்கோ, நான் என்னத்தைக் கதைக்கிறது" என்கிறாள். அவள்தான் மகனுக்கு இரவில் திருக்குறள் சொல்லிக் கொடுக்கிறாள், கணக்குக் கொப்பி பார்க்கிறாள். அப்படிப்பட்ட ஆளை வாசலோடு அனுப்பிவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. உங்களைச் சொல்லவில்லை ரீச்சர், நீங்கள் அப்படி இல்லை என்று எழுத்திலேயே தெரிகிறது.

காசு விசயமும் ஒன்று. மாதக் கட்டணம் கட்டுகிறோம். அதற்கு மேல் பாடசாலையில் இருந்து போன் வந்தால் ஒன்று காசு, இல்லாவிட்டால் பிள்ளை குழப்படி. இந்த இரண்டும் இல்லாமல் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். "உங்கடை மகன் இண்டைக்கு விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டவன்" என்று தரம் 1 ரீச்சர் ஒருமுறை சொன்னார். நான் அதைக் கரையில் மீன் வாடியில் எல்லோருக்கும் சொன்னேன். அந்த வருடம் பாடசாலைக் கூரை ஒழுகியபோது, யாரும் கேட்காமல் நாங்கள் நான்கு பேர் போய்ச் சிரமதானம் செய்து தறப்பாள் கட்டிக் கொடுத்தோம்.

நல்லூர் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பாசையூர் அண்ணா, நீங்கள் எழுதியதை இன்று ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. வரவேற்பில் இனி முதல் வார்த்தை தமிழில்தான் என்று அதிபர் இன்றே சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகும் கடிதமும் அடுத்த தவணையில் இருந்து தமிழில், ஆங்கிலம் பின்பக்கத்தில். கூட்டத்துக்கு ஒரே நேரம் என்பதை விட்டுவிட்டு, வசதியான நேரத்தை வீட்டுக்காரரே எழுதித் தரும்படி ஒரு துண்டு அனுப்பப் போகிறோம்.

தம்பி சொன்னபடி தரம் 2 பதிவேட்டை எடுத்து வைத்து, பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர் யார், கூட்டிப் போகிறவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். 31 பிள்ளைகளில் 12 பேருக்கு அந்த ஆள் எங்கள் குழுவிலேயே இல்லை. மற்ற வகுப்புகளை இந்தக் கிழமைக்குள் முடிப்போம்.

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வகுப்புக்கு இரண்டு பேர் என்றால் நாங்கள் தெரிவு செய்வதா, அவர்களே தெரிவு செய்வதா? நாங்கள் எடுத்தால் அதே அம்மாமார்தான் வருவார்கள் என்று பயமாக இருக்கிறது.

அந்த அம்மம்மாவுக்கும் நேற்று அழைப்பு எடுத்தேன். மழை நாளைப் பற்றிக் கதைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டு, பேரன் வகுப்பில் சோறு முழுக்கச் சாப்பிடுகிறானா என்றுதான் கேட்டார். பட்டன் போன் இலக்கத்தைத் தந்தார், ஆனால் மழைக்கு மின்சாரம் போனால் சார்ஜ் இருக்காது பிள்ளை என்று சொல்லி, ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருக்கிற தம்பியின் இலக்கத்தையும் தந்தார். அவர் விடிய ஐந்து மணிக்கே பாணுக்காகக் கடை திறந்துவிடுவாராம். அவரிடமும் கேட்டேன், ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன் ரீச்சர் என்றார். இரண்டையும் பதிவேட்டில் எழுதிவிட்டேன்.