டம்ளர் கணக்கை கிராமுக்கு மாத்தினேன், மைசூர்பாகு கல்லாயிடுச்சு, உதவி ப்ளீஸ்

கேள்வி:
எங்க அம்மா கணக்கு 1 டம்ளர் கடலை மாவு, 2 டம்ளர் சர்க்கரை, 2 டம்ளர் நெய். 30 வருஷமா தீபாவளிக்கு இதே கணக்குதான், தப்பினதே இல்ல. இப்ப வெளியூர்ல இருக்கற தங்கச்சிக்கு கிராம்ல எழுதி அனுப்பலாம்னு தராசு வாங்கி, ஒரு டம்ளர்னா 200 கிராம்னு வச்சு மாவு 200, சர்க்கரை 400, நெய் 400 எடுத்து செஞ்சேன். நெய் முழுசும் ஊத்தியும் நுரைச்சு பொங்கவே இல்ல, எல்லாத்தையும் மாவே குடிச்சிடுச்சு, ஆறினதும் கத்தி இறங்கல. இவ்ளோ நெய் வீணாப் போச்சேன்னு மனசே ஆறல. எங்க தப்பு?

பதில்:
பாகு முத்திருக்கும் சிஸ். ஒரு கம்பிப் பதத்துலயே மாவைத் தூவிடணும்.

கேட்டவர்:
இல்ல சிஸ், பாகை அம்மாதான் பக்கத்துல நின்னு தொட்டுப் பார்த்தாங்க. மாவும் சலிச்சு வறுத்ததுதான்.

பதில்:
பாகு மேல பழி போடாதீங்க, தப்பு அந்த 200லதான் இருக்கு. டம்ளர்ங்கறது இடத்தோட அளவு, கிராம் எடை. 240 மில்லி கப்புல சர்க்கரை 200 கிராம் பிடிக்கும், அது சரி. உருக்கின நெய் 215 கிட்ட வரும். ஆனா சலிச்ச கடலை மாவு 90லேர்ந்து 100தான் வரும்மா, உள்ள அவ்ளோ காத்து இருக்கு, அழுத்தி ரொப்பினா 120க்குக் கூட போகும். அப்ப நீங்க போட்டது 2 டம்ளர் மாவு! சர்க்கரையும் நெய்யும் அதே அளவுல நிக்க மாவு மட்டும் டபுள் ஆனா எப்படிப் பொங்கும்? ஒரே டம்ளரால எல்லாத்தையும் அளக்கற வரைக்கும் டம்ளர் சின்னதோ பெருசோ கவலையே இல்ல, கிராமுக்குப் போனீங்கன்னா ஒவ்வொண்ணையும் தனித்தனியா நிறுத்தே ஆகணும். அம்மா டம்ளரை தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு முதல்ல தண்ணி ரொப்புங்க, எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அப்புறம் துடைச்சு காய வச்சு, அம்மா கையாலயே மாவை அள்ளச் சொல்லுங்க, அவங்க தலை தட்டறாங்களா குவிக்கறாங்களான்னு பாத்துக்குங்க, அதுலயே நிறைய கிராம் வித்தியாசம் வரும்.

பதில்:
நெய், எண்ணெய்க்கும் மில்லியும் கிராமும் ஒண்ணு இல்லைங்க. எண்ணெய் பாக்கெட்ல 1 லிட்டர், 910 கிராம்னு ரெண்டுமே போட்டிருக்கும் பாருங்க. அப்புறம் தங்கச்சிகிட்ட சொல்லுங்க, ரைஸ் குக்கரோட வர்ற கப்பு 180 மில்லிதான், அதையும் 240 கப்பையும் கலந்து அளந்துடப் போறாங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி! அம்மாவ உக்கார வச்சு அளந்தேன். டம்ளர் தண்ணி 210 கிராம், மாவு 88, சர்க்கரை 178, நெய் 190. அம்மா மாவை லேசா அள்ளி விரலால தலை தட்டறாங்க, சர்க்கரைக்கும் அப்படியே. இன்னைக்கு காலைல 88, 356, 380னு நிறுத்து செஞ்சேன். நெய் ஊத்த ஊத்த பொங்கி வந்துச்சு, வெட்டினா உள்ள பொடிப்பொடியா துளை, அம்மா செய்யற மாதிரியே. தங்கச்சிக்கு இந்த மூணு நம்பரும் அனுப்பியாச்சு. பழைய கல்லை என்ன பண்றது, தூக்கிப் போட மனசு வரல?

பதில்:
பொடிச்சு, சூடான பால்ல கலந்து கொதிக்க விடுங்க, ஏலக்காய் தட்டிப் போட்டா நல்ல பாயசம்.