மூளைச் சீழ்க்கட்டியைச் சிறு துளையில் உறிஞ்சும்போது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து சில அனுபவக் குறிப்புகள்

ஆபரேஷன் தியேட்டர் பணியில் இருப்பவர்:
கட்டி இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டி, சுற்றிச் சுவரும் கட்டியிருந்தால் மண்டையோட்டில் துளை போட்டு உறிஞ்சலாம். சுவர் இறுக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். முதல் சில நாளில் மூளை வெறும் வீக்கமாகத்தான் இருக்கும், உறிஞ்சும் குழலான கான்யுலாவில் சீழ் வராது.

துளையை ஸ்கேன் பார்த்துக் குறித்து, மூளையை மூடிய தடித்த உறையான டூராவைச் சிலுவையாகக் கீறி, மூளை மடிப்பின் முகட்டில் இறங்க வேண்டும். பள்ளத்தில் ரத்தக்குழாய் ஓடுகிறது. மழுங்கிய முனைக் கான்யுலா சுவரில் முட்டினால் கைக்குத் தடை தெரியும், அடுத்த நொடி 'பொதுக்'கென்று விடும். அங்கேயே நிறுத்துங்கள். உள்பக்கச் சுவர்தான் மெல்லியது. அதைத் தாண்டினால் சீழ் மூளைக்குள் நீர் நிறைந்த அறையான வென்ட்ரிக்கிளில் கொட்டும், பிறகு உயிருக்கே ஆபத்து. சிரிஞ்சைப் பலமாக இழுக்கவும் கூடாது. சுவர் சட்டென்று சுருங்கி ரத்தக்குழாய் கிழியும்.

லேப் பணியில் இருப்பவர்:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். எடுத்த சீழை பஞ்சுக்குச்சியில் தொட்டு அனுப்பாதீர்கள். காற்றில்லாமல் வாழும் கிருமிகள் வழியிலேயே செத்துவிடும். சிரிஞ்சிலேயே காற்றை வெளியேற்றி மூடி, உடனே அனுப்புங்கள். நம் ஊரில் காசநோயும் எச்.ஐ.வி.யும் பரவலாக இருப்பதால் ஜீன்எக்ஸ்பர்ட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), காசநோய் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), பூஞ்சைச் சோதனை மூன்றையும் தனியாக எழுதிக் கேளுங்கள். சாதாரணக் கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராது. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்ட திசுவில் எதையும் வளர்க்க முடியாது. நோயாளி நிலையாக இருந்து, 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் உறுதியென்றால் மட்டும் ஆன்டிபயாட்டிக்கை அதுவரை நிறுத்தலாம். மயக்கமோ, தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் செப்சிஸோ இருந்தால் காத்திருக்கக் கூடாது.

வார்டு பணியில் இருப்பவர்:
பெரியவர்களுக்கு வழக்கமான ஆன்டிபயாட்டிக் தொடக்கம், செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் 12 மணிக்கொரு முறை, மெட்ரோனிடசோல் 500 மி.கி. 8 மணிக்கொரு முறை. மொத்தம் ஆறு முதல் எட்டு வாரம். காய்ச்சல் போனதும் நிறுத்திவிடச் சொல்லும் வீட்டார் நிறையப் பேர், அவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டும். தலைவலி கூடினாலோ தூக்கம் மிகுந்தாலோ அன்றே சி.டி. எடுங்கள், கட்டி மறுபடி நிரம்பியிருக்கலாம். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்கும் லம்பர் பஞ்சர் வேண்டாம்.

டர்பனின் வென்ட்வொர்த் மருத்துவமனையில் 1983 முதல் 2002 வரை பார்த்த 973 பேரின் தொகுப்பில், காது, மூக்குச் சீழே முதன்மைக் காரணம். காதிலிருந்து வந்த கட்டி என்றால் காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்ட் எலும்பையும் சுத்தம் செய்யும் தேதியை, டிஸ்சார்ஜுக்கு முன்பே காது டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.