ஊரின் படைவீரர்களுக்கு நினைவுக்கல்: பெயர் திரட்டுவது, கல் வெட்டுவது, பிள்ளைகளிடம் கொண்டுபோவது

கணியம்பாடி_பக்கம் கேட்டது:

வணக்கம். வேலூருக்குத் தெற்கே சின்ன ஊர் எங்களுடையது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற ஊர். முதல் உலகப்போர் தொடங்கி இன்றுவரை திரும்பி வராதவர்கள் என்று பெரியவர்கள் சொல்லும் பெயர்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. பள்ளிக்கூட வாசலில் ஒரு கல் நட வேண்டும், வருடத்துக்கு ஒருநாள் பிள்ளைகளை வைத்து அஞ்சலி செய்ய வேண்டும் என்று பேச்சு. பெயர்களை எப்படிச் சரிபார்ப்பது? என்ன கல், என்ன அளவு? எந்த நாள் வைக்கலாம்? உடம்பு சரியில்லாமல் முகாமில் இறந்தவர்களைச் சேர்க்கலாமா என்பதில் ஊரில் இரண்டு கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பெயர் வேலையை முடித்துவிடுங்கள். கல்லில் ஏறிய தப்பைத் திருத்த வழியில்லை.

1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் இருப்பார்கள். பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கிடைக்காது. முனுசாமி என்பதை மூன்று நான்கு எழுத்துக்கூட்டில் எழுதியிருப்பார்கள். கூடுதல் விவரப் பகுதியில் அன்றைய நம் ஜில்லாவான வட ஆற்காட்டை ஆங்கிலத்தில் 'North Arcot' என்று போட்டுத் தேடுங்கள். பல பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், ஜில்லா இருக்கும். சிப்பாய் என்று மட்டும் தேடாமல் சமையற்காரர், கூலி வேலைப் படை, கோவேறு கழுதை ஓட்டுபவர் என்றும் பாருங்கள். 'பாலோயர்' (படையோடு போன வேலையாட்கள்) என்று ஒதுக்கப்பட்ட அவர்களும் அதே பதிவில்தான் இருக்கிறார்கள். பர்மாவில் இறந்து உடல் கிடைக்காதவர்களுக்கு ரங்கூன் நினைவிடம், மலேயா பக்கம் என்றால் சிங்கப்பூர் நினைவிடம் என்று வரும்.

1947க்குப் பிறகு என்றால் டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் பெயர்கள் வெட்டிய சுவர் வட்டமான தியாக் சக்ராவில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் இணையத்தேடல் உண்டு. அதில் இல்லாதவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பிறகு அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், சாப்பர்களுக்கு (பொறியியல் படையினர்) பெங்களூரு எம்.இ.ஜி. (மதராஸ் இன்ஜினியர் குரூப்). ராணுவ எண் இல்லாமல் கடிதம் போட்டால் பதில் வருவது சந்தேகம். எண் கிடைக்கும் இடங்கள்: டிஸ்சார்ஜ் புக், குடும்ப பென்ஷனின் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு), பழைய மணியார்டர் ரசீது. எதுவும் இல்லாவிட்டால் மெடல். முதல் போரின் வட்ட மெடல் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு வெட்டியிருக்கும். இரண்டாம் போரின் நட்சத்திர மெடல்களில் இந்தியப் படைக்குக் கொடுத்தவற்றின் பின்பக்கத்தில் இருக்கும். சாய்த்து வெளிச்சம் விட்டுப் படியுங்கள். பிராஸோ போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்தே தேய்ந்துவிடும்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு பலகை உண்டு, பார்த்திருப்பீர்கள். 1914-18 போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில். ஒரு பெயர்கூட இல்லை. அந்தப் பதினாலு பேர் யார் என்று அங்கே காய்கறி வாங்குகிற யாருக்கும் தெரியாது. உங்கள் கல் அப்படி ஆகக்கூடாது. நம் செங்கம் நடுகற்களைப் பாருங்கள்: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டானா, பெயர் என்ன, எல்லாம் நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும். அதே கணக்கில் பெயர், பதவி, படை, இறந்த இடம், ஆண்டு ஐந்தும் வேண்டும்.

பழைய_ஹவில்தார்:

நோயில் இறந்தவர் விஷயம்: மேலே சொன்ன ஆணையத்தின் பதிவு, பணியில் இருக்கும்போது அந்தத் தேதிகளுக்குள் இறந்த எல்லோரையும் எடுத்துக்கொள்கிறது, குண்டா காய்ச்சலா என்று பிரிப்பதில்லை. ராணுவக் கணக்கு வேறு. அங்கே 'பேட்டில் கேஷுவல்டி', 'பிசிகல் கேஷுவல்டி' என்று இரண்டு, குடும்பத்துக்கு வரும் பணமும் அதைப் பொறுத்தது. ஊர்க் கல்லுக்குப் பணக்கணக்கு தேவையில்லை. எல்லோரையும் போடுங்கள், ஆனால் எல்லோருக்கும் 'வீரமரணம்' என்று எழுதாதீர்கள். 'பணியில் இறந்தார்' என்று உள்ளதை எழுதினால் எந்தக் குடும்பமும் கோபிக்காது. பதவி வரிசை வேண்டாம். இறந்த ஆண்டு வரிசையில் போனால் சாதி, தெரு, பதவிச் சண்டை எதுவும் வராது.

நாள்: டிசம்பர் 16, 1971 போரின் வெற்றி நாள், நல்ல நாள்தான், ஆனால் அரையாண்டுத் தேர்வு நடக்கும். ஜனவரி 15 ராணுவ தினம். பொங்கல் லீவில் பள்ளி மூடியிருக்கும், அதே சமயம் பட்டாளத்துப் பையன்கள் ஊரில் இருப்பார்கள். ஜூலை 10 வேலூர் மக்கான் தூணில் 1806 சிப்பாய்ப் புரட்சிக்கு மலர்வளையம் வைக்கும் நாள், அதிகாரிகள் அங்கே போய்விடுவார்கள். என் பார்வையில் ஜூலை 26 கார்கில் வெற்றி நாள் வசதி. பள்ளி நடக்கும்.

நிகழ்ச்சி இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, காலை பிரேயர் நேரத்திலேயே முடியட்டும். வெயிலில் நிறுத்திவைத்துப் பேச்சாளர்கள் பேச ஆரம்பித்தால் நாலு பிள்ளைகள் மயங்கி விழும். வரிசை இது: அணிவகுப்பு, பெயர் வாசிப்பு, மலர்வளையம், லாஸ்ட் போஸ்ட் (அஞ்சலி பியூகிள் இசை), இரண்டு நிமிட மௌனம், ரௌஸ் (மௌனம் முடிந்ததும் ஊதும் பியூகிள் இசை), தேசிய கீதம். பியூகிள் ஊத ஆள் இல்லையென்றால் ரெக்கார்டிங் போதும். ஆனால் செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு இணையுங்கள், நடுவில் ரிங்டோன் அடித்தால் அதோடு போச்சு. மௌனத்துக்கு ஒருவர் கையில் கடிகாரம் இருக்க வேண்டும். உத்தேசமாக விட்டால் நாற்பது நொடியில் யாராவது கலைத்துவிடுவார்கள்.

கொடி விஷயத்தில்தான் எல்லா ஊரிலும் தப்பு நடக்கிறது. கல்லைத் திறந்துவைக்க மூவர்ணக் கொடியால் மூடக்கூடாது, கொடிச் சட்டவிதியே தடுக்கிறது. வெள்ளைத் துணி போடுங்கள். அரைக்கம்பமும் நாமாக முடிவு செய்வதில்லை, அரசு அறிவித்தால் மட்டும்தான். குடும்பத்தினர் இறந்தவரின் மெடலைக் குத்திக்கொண்டு வந்தால் வலது மார்பில். இடது பக்கம் வாங்கினவருக்கு மட்டும்.

கல்_உளி:

கல்லைப் பற்றி நான். நம்மூர்ச் சாம்பல் கருங்கல் ஆயிரம் வருடம் நிற்கும், ஆனால் சின்ன எழுத்து அதில் தெரியாது. பெயிண்ட் அடித்தால்தான் படிக்கலாம், பெயிண்ட் இரண்டு கோடையில் உரியும். பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட்டில் சாண்ட் பிளாஸ்ட் செய்தால், அதாவது மணலை வேகமாக அடித்து எழுத்தை வெட்டினால், வெட்டின இடம் வெளுத்துத் தெரியும், பெயிண்டே வேண்டாம். ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். லேசர் வேண்டாம். அது மேல்தோலைச் சுரண்டுவதோடு சரி.

5 அடி உயரம், 2½ அடி அகலம், 3 அங்குலக் கனம் என்றால் சுமார் 240 கிலோ வரும். அதில் ஒன்றேகால் அடி கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். மேலே மிச்சம் 45 அங்குலம். தலைப்புக்கு எட்டு, அடியில் ஆறு விட்டால் 31. பெயர் ஒரு அங்குல எழுத்திலும், அதன் கீழே விவரம் அரை அங்குலத்திலும் வைத்தால் இடைவெளியோடு ஆளுக்கு 3 அங்குலம், அதாவது கல்லுக்குப் பத்துப் பெயர். உங்களுக்கு மூன்று கல் தேவைப்படும், மூன்றாவதில் பாதி காலியாக இருக்கட்டும். எழுத்தைச் சின்னதாக்கி ஒரே கல்லில் அடைக்கப் பார்க்காதீர்கள். புள்ளியும் ண, ன சுழிகளும் பிளாஸ்டிங்கில் உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். சுவரில் அரால்டைட் போட்டு ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள், வெயிலில் விரிந்து சுருங்கி ஒருநாள் பெயர்ந்து விழும், கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

யூனிகோடில் தட்டி வாட்ஸாப்பில் அனுப்பினால் கடைக்காரர் பழைய ஃபான்ட்டில் மாற்றும்போது 'கொ' உடைந்து 'கெ'யும் காலும் தனியாகப் போகும். பி.டி.எஃப். கொடுங்கள். பிறகு முழு அளவு காகித அச்சு வாங்கி, ஒவ்வொரு குடும்பத்திலும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டென்சில் வெட்டுவது அதற்குப் பிறகுதான்.

ஐந்தாம்_வகுப்பு_டீச்சர்:

பிள்ளைகள் அந்த ஒருநாள் வந்து நின்றுவிட்டுப் போனால் எதுவும் மனதில் தங்காது. ஏட்டுச்சுவடி சொன்ன தேடலை எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெயர். ஐந்து விவரத்துக்கும் கட்டம் போட்ட ஒரு தாள், 'எங்கிருந்து தெரிந்தது' என்று ஆறாவது கட்டம். அந்த ஆறாவதுதான் முக்கியம், பாட்டி சொன்னதையும் பதிவில் இருப்பதையும் பிரித்துப் பார்க்க அதில்தான் பழகுவார்கள். வயதானவர்களிடம் 'அவரைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்டால் அழுகைதான் வரும். கடைசியாக எந்த மாதம் லீவில் வந்தார், எந்த ஸ்டேஷனில் ரயிலேறினார், தந்தி யார் கொண்டுவந்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். காட்பாடி, குடியாத்தம் என்று பதில் தானாக வரும். பேச்சைப் போனில் பதிவு செய்யும் முன் அனுமதி கேட்பதையும் சொல்லிக்கொடுங்கள். தேடிய பிள்ளையே அன்றைக்கு அந்தப் பெயரை வாசிக்கட்டும். அடுத்த வருடம் அதே தாள் அடுத்த வகுப்புக்குப் போகட்டும், காலிக் கட்டம் இருந்தால் அவர்கள் நிரப்புவார்கள்.

கணியம்பாடி_பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கல் என்பது எதிர்பார்க்காதது, செலவைப் பேச வேண்டும். ஒரு சந்தேகம்: ஏரிக்கரையில் இருக்கிற நடுகல்லுக்குச் செய்வதுபோல இதற்கும் எண்ணெய் பூசி, மஞ்சள் வைப்பார்கள். தடுக்க முடியாது. கெட்டுப்போகுமா?

கல்_உளி:

எண்ணெய் வெட்டின எழுத்துக்குள் இறங்கினால் வெளுப்பு போய்க் கருத்துவிடும், படிக்க முடியாது. கல்லுக்கு முன்னால் இரண்டடி தள்ளி ஒரு சின்னப் பீடமும் விளக்கு மாடமும் வையுங்கள். பூஜை அங்கே நடக்கட்டும். அப்புறம் இடம்: பள்ளிக் காம்பவுண்டுக்கு உள்ளேயே நடுங்கள், ஊராட்சித் தீர்மானமும் தலைமையாசிரியர் வழியாகக் கல்வித்துறை அனுமதியும் எழுத்தில் வாங்குங்கள். வாசலுக்கு வெளியே என்றால் அது ரோட்டுப் புறம்போக்கு, அகலப்படுத்தும்போது முதலில் பெயர்ப்பது அதைத்தான்.