44 வயதில் ஆய்வாளர் நாற்காலி: தப்புக் கணக்கா?

கேள்வி: அண்ணா, கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் துறைத்தலைவராக இருந்தேன். கம்பியில்லாத் தகவல்தொடர்புதான் என் பாடம். போன மாதம் முதுமுனைவர் ஆய்வாளராகக் கலிபோர்னியா வந்தேன். ஆய்வகத்தில் எல்லாருக்கும் என் மாணவர்கள் வயது. பெயர்ப்பலகையைக்கூட விட்டுவிட்டு வந்தது தப்போ?

பதில்: தம்பி, மைமோவை, அதாவது பல ஆண்டெனாக்களை ஒன்றாகப் பயன்படுத்தும் கம்பியில்லா முறையை, வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். அதைக் கண்டுபிடித்தவரின் வயதைக் கணக்குப் பார்த்ததுண்டா? ஆரோக்கியசாமி பால்ராஜ் பொள்ளாச்சியில் 1944இல் பிறந்தவர். 15 வயதில் கடற்படைப் பயிற்சிக்குப் போனார். 1971 போரில் இந்தியாவின் குக்ரி போர்க்கப்பலை பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தபின், நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். ஓய்வு பெற்று ஸ்டான்போர்டு போனபோது அவருக்கு 47. நாட்டின் ஆய்வுக்கூடங்களை நடத்தியவர், அங்கே பேராசிரியர் தாமஸ் கைலாத்தின் குழுவில் ஓர் ஆய்வாளர், அவ்வளவுதான். மறு ஆண்டே, 1992இல், கைலாத்துடன் சேர்ந்து மைமோவுக்குக் காப்புரிமை கேட்டார். ஒரே அலைவரிசையில் பல ஆண்டெனாக்கள் வெவ்வேறு தகவலை அனுப்பலாம் என்பதை அன்று பலர் நம்பவில்லை. சுவரில் பட்டுச் சிதறும் அலை எல்லாருக்கும் தொல்லை. இவருக்கு அதுவே மூலதனம். உங்கள் வீட்டு வைஃபை பெட்டியில் நிற்கும் ஆண்டெனாக் குச்சிகளை இன்று இரவு எண்ணிப் பாருங்கள். 2014இல் மார்க்கோனி பரிசும் வந்தது.

எல்லாருக்கும் அப்படி அமையாது, எனக்கே அமையவில்லை. ஆனால் பெயர்ப்பலகைக்காக வருந்தும் நேரத்தில் வேறு மூன்றைக் கவனியுங்கள்.

புதிய யோசனை வந்தால் கட்டுரை அனுப்புமுன் பல்கலைக்கழகத்தின் காப்புரிமை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வெளியிட்டபின் அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. பல நாடுகளில் அதுவும் இல்லை. அடுத்து, பல்கலைக்கழகம் உங்களுக்காகக் கேட்கும் ஹெச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவுக்குக் குலுக்கல் கிடையாது. அங்கிருந்து கம்பெனிக்குத் தாவினால் பெரும்பாலும் குலுக்கலில் நிற்க வேண்டும்.

பின்னாளில் உதவிப் பேராசிரியர் வேலை வந்தால், சம்பளம் எத்தனை மாதத்துக்கு என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் ஒன்பது மாதம்தான். கோடைச் சம்பளத்தை நாமே ஆய்வு நிதியில் தேடிக்கொள்ள வேண்டும். நான் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். ஜூலை வாடகையை மைத்துனனிடம் கடன் வாங்கித்தான் கட்டினேன். இன்றும் தீபாவளிக்குக் கூடினால் முதல் பேச்சே அதுதான்.