ஓட்டு வீட்டில் எலித் தொல்லை: விஷம் வைக்க முடியாது, வழி சொல்லுங்கள்

வணக்கம். திருவாரூர் பக்கம் கிராமம். பழைய ஓட்டு வீடு, கொல்லையைத் தாண்டினால் வயல்தான். தை கடைசியில் சம்பா அறுவடை முடிந்தது. நாலாவது நாளே எலி உள்ளே வந்துவிட்டது. இன்றோடு 3 வாரம்.

கூடத்தில் விதைநெல் 6 மூட்டை அடுக்கியிருக்கிறோம். 2 மூட்டையில் அடிச்சாக்கைக் கடித்து, அரிசியைத் தின்றுவிட்டு உமியை மட்டும் குவித்து வைத்திருக்கிறது. அடுத்த போகத்துக்கான விதை, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. ஃப்ரிட்ஜ் வயரும் போச்சு. புழுக்கை அரை அங்குலம் இருக்கும், இரண்டு முனையும் கூர். ராத்திரி 11 மணிக்கு மேல் கைமரத்தில் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) ஓடும் சத்தம் கேட்கிறது.

கூண்டுப் பொறியில் சுட்ட தேங்காய் வைத்தேன், கருவாடும் வைத்தேன். முதல் வாரம் 2 சிக்கியது, அப்புறம் பொறிப் பக்கமே வருவதில்லை. பசை அட்டையில் பல்லிதான் ஒட்டித் துடித்தது, மனசு கேட்காமல் எடுத்துவிட்டேன். சுவர் ஓட்டையில் கண்ணாடித் தூள் கலந்து சிமெண்ட் பூசினேன். பக்கத்திலேயே வேறு வழி போட்டுவிட்டது.

விஷம் மட்டும் வேண்டாம். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு மாற்று மருந்தே கிடையாது.

வயலில் வைக்கிற தஞ்சாவூர்க் கிட்டியை (மூங்கில் வில் பொறி) கைமரத்தில் கட்டி எலி பிடித்தவர்கள் இருந்தால், எந்த இடத்தில், எப்படிக் கட்டினீர்கள்?