தாத்தா காலத்து ஃபிரிட்ஜ்: மேலே பனிக்கட்டி மலை, கீழே பால் திரிகிறது

திருச்சிக்காரி:
வணக்கம். தாத்தா 1960களில் வாங்கிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், பழைய மோட்டார் கார் கதவு போல இழுத்துத் திறக்கும் கைப்பிடி. இத்தனை வருடம் அப்பளமும் வத்தலும் வைக்கும் அலமாரியாக இருந்தது. ஆசைப்பட்டு இளம்பச்சை பெயிண்ட் அடித்து ஓட விட்டேன். மூன்று நாளில் ஃப்ரீசர் பெட்டியில் இரண்டு விரல்கடைக்குப் பனி. கீழ்த்தட்டில் காலையில் வைத்த பால் மாலையில் திரிகிறது. வந்து பார்த்த மெக்கானிக் கேஸ் மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடவா?

ரிப்பேர் கடை:
அவசரப்படாதீர்கள் மேடம். கேஸ் குறைந்தால் பெட்டியில் ஒரு பக்கம்தான் பனி பிடிக்கும், மறுபக்கம் வெறும் ஈரமாக இருக்கும். உங்களுக்கு எப்படி?

திருச்சிக்காரி:
எல்லாப் பக்கமும் வெள்ளை. கதவை ஒட்டிய விளிம்பில்தான் ரொம்ப அதிகம். அப்புறம், பெயிண்ட் அடிக்கக் கதவைக் கழற்றி மாட்டினோம்.

ரிப்பேர் கடை:
அதை முதலிலேயே சொல்லக் கூடாதா! வெளிக்காற்று உள்ளே போகிறது, அதிலுள்ள ஈரம்தான் பனியாகிறது. பனி தடித்தால் போர்வை மாதிரி குளிரைக் கீழே இறங்க விடாது.

இந்த மாடல் கதவு ரப்பரில் காந்தம் கிடையாது. கைப்பிடிக் கொக்கி இழுத்து அமுக்குவதால்தான் காற்று அடைபடுகிறது. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். நான்கு பக்கமும் பிடிக்க வேண்டும். வழுக்கினால் கீலைச் சரிசெய்து, கொக்கி மாட்டும் தகட்டின் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். விறைத்த ரப்பருக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம்.

பனியைத் தோசைத் திருப்பியால் சுரண்டவே கூடாது. அந்தப் பெட்டிச் சுவரிலேதான் கேஸ் ஓடுகிறது. பிளக்கைக் கழற்றி, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வையுங்கள். தட்டில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், குளிர்காற்று கீழே இறங்கட்டும்.

அந்தக் கால ஃபிரிட்ஜில் பெரும்பாலும் ஆர்-12 கேஸ். அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். இருப்பதை வீணாக வெளியேற்றாதீர்கள். அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸ் போட்டால் கம்ப்ரசர் எண்ணெயையும் மாற்ற வேண்டும், பழைய மினரல் எண்ணெயோடு அது சேராது.

மதுரை அத்தை:
வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா கண்ணு? அந்தக் கைப்பிடி உள்ளிருந்து திறக்காது. அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி அடைபட்டு இறந்துதான், உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று 1956இல் சட்டம் போட்டார்கள். மேலே எட்டாத உயரத்தில் ஒரு பூட்டுப் போடு. தகட்டு உடம்பு வேறு, எர்த் இருக்கிறதா பார். பழைய ஒயர் ரப்பர் உதிர்ந்திருக்கும்.

திருச்சிக்காரி:
நான்கு நாள் ஆயிற்று. கீல் பக்கம் கீழ் மூலையில் காகிதம் வழுக்கியது, சரிசெய்தாச்சு. ஒயர் புதிது, பூட்டும் போட்டாச்சு அத்தை. பால் இரண்டு நாள் தாங்குகிறது! ஒரே சந்தேகம்: கதவை மூடினால் உள் விளக்கு அணைகிறதா?

ரிப்பேர் கடை:
செல்போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். அணையவில்லை என்றால் கதவு இன்னும் சுவிட்சைத் தொடவில்லை. பல்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து சொல்லுங்கள்.