சோடியம் விளக்கில் ஃபியூஸ் நிற்கவில்லை, எத்தனை ஆம்பியர் போடுவது?

ராணிப்பேட்டை_பட்டறை:
தோல் பட்டறைக் கொட்டகையில் விளக்கு ஃபியூஸ் நிற்பதே இல்லை. 2 ஆம்பியர் போட்டால் போய்விடுகிறது. 10 போட்டேன். நேற்றிரவு சோக்கே (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுருள்) எரிந்து, உள்ளிருந்த தார் உருகி ஈரத்தோல் மேல் சொட்டியது. நாளை இரவு வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள். அவசரம்.

காட்பாடி_வயரிங்:
எத்தனை வாட்? விளக்குக்கு ஒரு ஃபியூஸா, வரிசைக்கே ஒன்றா? போட்டவுடன் போகிறதா, சற்றுப் பொறுத்தா?

குடியாத்தம்_தறி:
கெபாசிட்டர்தான். எங்கள் தறிக்கூடத்தில் எப்போதும் அதுதான் காரணம்.

ஆற்காடு_மின்னியல்:
வாட் சொல்லாமல் ஆம்பியர் கேட்பவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? சோக்கின் மேல் அச்சிட்டிருப்பதை முதலில் படித்துப் பழகுங்கள்.

ராணிப்பேட்டை_பட்டறை:
250 வாட், ஆறு விளக்கு, தனித்தனி கண்ணாடி ஃபியூஸ். போட்டு இரண்டு நிமிடத்தில் போகிறது.

காட்பாடி_வயரிங்:
அப்படியென்றால் 2 ஆம்பியர் போதவே போதாது. 250 வாட் சோடியம் விளக்கு சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். சூடேறும் முதல் சில நிமிடங்களில் அதற்கும் மேல். கெபாசிட்டர் நன்றாக இருந்தால் லைனில் ஓடுவது பாதியாகக் குறையும். அது செத்துவிட்டால் முழுச் சுமையும் லைனில்தான். தாமதித்து உருகும் வகையில் 6 ஆம்பியர் போடுங்கள். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: சோக் மெல்லச் சூடேறிக் கருகுவதை எந்த ஃபியூஸும் தடுக்காது. சோக் ஷார்ட் ஆனால் அந்த விளக்கை மட்டும் துண்டிப்பதே அதன் வேலை. ஆயுள் முடிந்த பல்பு ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும். சோக்கை எரிப்பது பெரும்பாலும் அதுதான். அணைந்து அணைந்து எரியும் பல்பு இருந்தால் இன்றே கழற்றுங்கள்.

வாலாஜா_மோட்டார்:
விளக்குக்கு விளக்கு ஃபியூஸ் எதற்கு? வரிசைக்கு ஒரு எம்.சி.பி. (சுமை மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போதும்.

ஆற்காடு_மின்னியல்:
எம்.சி.பி. காப்பது வயரை. ஒரு சோக் கெட்டால் ஆறு விளக்கும் அணையும். தோல் பதனிடும் டிரம் சுற்றும் கொட்டகையில், ஈரத் தரையில், இருட்டில் ஆட்கள் நிற்பதா?

வாலாஜா_மோட்டார்:
என் கொட்டகையில் எட்டு ஆண்டாக அப்படித்தான் ஓடுகிறது.

குடியாத்தம்_தறி:
எல்.இ.டி. மாற்றினால் சோக்கே வேண்டாமே.

காட்பாடி_வயரிங்:
நாளைக்குள் ஆறும் மாற்ற முடியுமா? கேட்டதற்குப் பதில் சொல்லுவோம். பட்டறைக்காரரே, மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரைத் தொடாதீர்கள், அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். முதலில் டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

ராணிப்பேட்டை_பட்டறை:
மூன்று கெபாசிட்டர் உப்பியிருந்தன. ஒரு பல்பின் முனை கருத்திருந்தது. எல்லாம் மாற்றி 6 ஆம்பியர் போட்டோம், நேற்றிரவு ஃபியூஸ் போகாமல் நின்றது. நன்றி.